கறளும் மழையும் உப்புக்காற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பை அடுத்த கல்லடியில் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் கற்பித்து வருகிறேன். அமில மழை பற்றிய பாடம் வரும் நாட்களிலெல்லாம் வகுப்பில் ஒரே கேள்விகள் எழுகின்றன. வீடு கட்டுகிறவர்களும், கோயில் நிருவாக சபையினரும், கூரைத் தகரம் ஓட்டையாகிப்போன அயலவர்களும் அவற்றையே வேறு சொற்களில் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை வைத்து, என்னால் இயன்ற அளவு தெளிவாக விடை எழுதியிருக்கிறேன். பின்னால் வரும் விடைகள் முன்னால் சொன்னவற்றில் தங்கி நிற்பதால் வரிசையாக வாசிப்பது நல்லது.

அமில மழை எண்டா உண்மையிலேயே வானத்தில இருந்து அசிட்டா விழுது, சேர்?

மழைநீர் எப்போதுமே சிறிது அமிலத்தன்மை உடையது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மழைத்துளியில் கரைந்து மென்மையான காபோனிக்கமிலமாக மாறுவதால், மாசு எதுவும் இல்லாத இடத்தில் பெய்யும் மழைக்கும் பீ.எச். பெறுமானம் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; 7 நடுநிலை, அதற்குக் கீழே குறையக் குறைய அமிலம் கூடும்) 7 அன்று, ஏறத்தாழ 5.6 ஆகும். நிலக்கரி, உலை எண்ணெய், டீசல் ஆகியவை எரியும்போது வெளிவரும் கந்தகவீரொட்சைட்டும் நைதரசன் ஒட்சைட்டுகளும் காற்றிலேயே சல்பூரிக்கமிலமாகவும் நைத்திரிக்கமிலமாகவும் மாறி மழையுடன் இறங்கும்போது அந்தப் பெறுமானம் 5.6இலிருந்து நன்றாகக் கீழே போகிறது. அதையே அமில மழை என்கிறோம். இந்த அளவுத்திட்டத்தில் ஒரு படி இறங்கினால் அமிலச் செறிவு 10 மடங்காகிறது என்பதை மறக்கக்கூடாது, 5.6க்கும் 4.6க்கும் இடையிலுள்ள வேறுபாடு எண்ணில் சிறியது, வேதியியலில் பெரியது.

இது இன்று நேற்றுக் கண்டறிந்த செய்தியன்று. ரொபேர்ட் அங்கஸ் சிமித் என்ற ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் 1852ஆம் ஆண்டிலேயே, ஆலைகள் நிறைந்த மன்செஸ்டர் நகரின் மழையில் அமிலம் இருப்பதை எடுத்துக்காட்டினார்.

அந்த மழையில நனைஞ்சா தோல் வெந்துபோகுமா?

வேகாது. தேசிக்காய்ச் சாற்றின் பீ.எச். 2 அளவிலும் தயிரினது 4.5 அளவிலும் இருக்கின்றன. கடுமையான அமில மழைகூடப் பெரும்பாலும் தயிரை ஒத்த அளவிலேயே பெய்கிறது. நம் தோல் நாள்தோறும் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது, நனைந்தவுடன் துடைத்தும் விடுகிறோம். கல்லும் இரும்பும் அவ்வாறல்ல. அவை ஆண்டுக்கணக்கில் அதே முகத்தை மழைக்குக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. சிறிய அமிலத்தன்மையும் கட்டடங்களைத் தின்பதற்குக் காரணம் இந்த நீண்ட காலம்தான்.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அமில மழை பெய்யுதா? 2021இல கப்பல் எரிஞ்ச நேரம் றேடியோவில சொன்னவங்களே?

அந்த எச்சரிக்கை உண்மையானது. எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் 2021 மே மாதத்தில் கொழும்புக்கு அப்பாலான கடலில் எரிந்தபோது அதில் 25 தொன் நைத்திரிக்கமிலமும் இருந்தது. எரிகின்ற கப்பலிலிருந்து வெளியேறும் நைதரசன் ஒட்சைட்டுகளால் மெல்லிய அமில மழை பெய்யக்கூடும் என்று அதிகாரிகள் அறிவித்தார்கள். அது ஒரு விபத்தின் விளைவு, சில நாட்களுக்கு உரியது, முதன்மையாக மேற்குக் கரைக்கு உரியது.

நம் இரு மாவட்டங்களிலும் நிலக்கரி மின்நிலையம் இல்லை. நாட்டில் உள்ள ஒன்றும் மேற்குக் கரையில் நுரைச்சோலையில் இருக்கிறது. சம்பூரில் அமைக்கத் திட்டமிட்டிருந்தது 2016இல் கைவிடப்பட்டது. நம் ஊர்களில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் தை வரை வங்காள விரிகுடாவைக் கடந்து வரும் காற்றுடன் பெய்கிறது. அந்தக் காற்று சில நாட்களில் துணைக்கண்டத்தின் புகையையும் சுமந்து வரும். 2022 டிசம்பரில் மண்டோஸ் சூறாவளியை ஒட்டி நாடெங்கும் புகைமூட்டம் படர்ந்து பாடசாலைகள் மூடப்பட்டதை எல்லோரும் பார்த்தோம். ஆகவே மழையில் மாசே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நம் தகரத்தையும் கம்பியையும் சுவரையும் தின்பது அதுவா என்று கேட்டால், அன்று என்பதே என் உறுதியான விடை. நம் பகைவன் வேறொருவன். அடுத்த கேள்வி அவனைப் பற்றியது.

எங்கட வீட்டுத் தகரம் நாலு வருசத்திலயே கறள் பிடிச்சு ஓட்டையாப் போச்சு. அமில மழைதானே காரணம்?

முதலில் ஏணி வைத்து ஏறி, தகரத்தின் எந்த இடம் கெட்டிருக்கிறது என்று பாருங்கள். என் வீட்டில் நான் கண்டது இது: வானத்தைப் பார்த்த மேல்முகம் வெளிறிய சாம்பல் நிறத்தில் ஓரளவு நன்றாகவே இருந்தது. தாழ்வாரத்தின் அடிப்பக்கமும், இரண்டு தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் மடிப்பும், ஆணித் தலையைச் சுற்றிலும் கறள் (இரும்புத் துரு) திரண்டிருந்தது. ஒவ்வோர் ஆணியைச் சுற்றியும் ஒரு ரூபாய்க் குற்றியளவு செந்நிற வளையம். விரலால் தொட்டபோது அது மெல்லிய செதிலாகப் பெயர்ந்து வந்தது. நாவில் வைத்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது.

மழையில் உள்ள அமிலம் தின்றிருந்தால் மழை விழும் மேல்முகமே முதலில் கெட்டிருக்க வேண்டும். இங்கு நடந்திருப்பது அதற்கு நேர்மாறு. கரையில் அலை உடையும்போது எழும் நுண்ணிய உப்புத்துளிகளைக் காற்று சுமந்துவந்து எல்லா முகங்களிலும் படியச் செய்கிறது. மேல்முகத்தில் படிந்ததை மாரி மழை கழுவிவிடுகிறது, மழை எட்டாத அடிப்பக்கத்தில் அது ஆண்டு முழுவதும் தங்கிவிடுகிறது. கறியுப்புக்கு ஒரு குணம் உண்டு: காற்றின் சாரீரப்பதன், அதாவது காற்று தாங்கக்கூடிய ஈரத்தில் எத்தனை பங்கு அதில் இருக்கிறது என்ற அளவு, ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துத் தானே கரைந்துவிடும். கடலோரத்தில் இரவு தவறாமல் அந்த அளவு ஈரம் இருக்கிறது. ஆகையால் மழையே பெய்யாத ஆவணி மாதத்திலும் உங்கள் தகரத்தின் அடிப்பக்கம் ஒவ்வோர் இரவும் உப்புநீரில் நனைகிறது.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். கல்வனைஸ் தகரத்தில் இரும்பைக் காப்பது அதன்மேல் உள்ள நாகப்பூச்சு (நாகம் என்பது துத்தநாகம்). சதுரமீற்றருக்கு 275 கிராம் நாகம் பூசிய நல்ல தகரத்தில் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 20 மைக்ரோமீற்றர் தடிப்பு உண்டு. ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேச நியமத்தின்படி, கடுமையான கடலோரச் சூழலில் நாகம் ஆண்டுக்கு 4.2 முதல் 8.4 மைக்ரோமீற்றர் வரை கரைகிறது. நடுத்தரமான உள்நாட்டுச் சூழலில் 0.7 முதல் 2.1 வரைதான். வகுத்துப் பாருங்கள்: அலைக்கு நேரெதிரே மூன்று நான்கு ஆண்டுகள், உள்ளூரில் பத்து ஆண்டுக்கு மேல். மலிவான தகரத்தில் நாகம் இதில் பாதிகூட இருக்காது. கடையில் தகரத்தின் தடிப்பைக் கேட்கிறவர்கள் நாகப்பூச்சு எத்தனை கிராம் என்றும் கேட்க வேண்டும்.

கடலில இருந்து எவ்வளவு தூரம் போனா உப்புக்காற்றுக்குப் பயமில்லை? வாவிக்கரையும் அப்படித்தானா?

காற்றிலுள்ள உப்பின் பெரும்பகுதி கரையிலிருந்து முதல் சில நூறு மீற்றருக்குள் விழுந்துவிடுகிறது. ஓரிரு கிலோமீற்றருக்கு அப்பால் அது மிகவும் குறைகிறது. இடையில் தென்னையும் சவுக்கும் வீடுகளும் அடர்ந்திருந்தால் இன்னும் விரைவாகக் குறையும். வெறும் மணல்வெளியாக இருந்தால் தொலைவு கூடும்.

வாவியைப் பற்றிப் பலர் தவறாக எண்ணுகிறார்கள். வாவிநீர் உவர்நீர்தான். ஆனால் உப்பைக் காற்றில் ஏற்றுவது நீரின் உப்புத்தன்மை மட்டுமன்று, உடையும் அலையும் நுரையும். மட்டக்களப்பு வாவியில் அப்படிப்பட்ட அலை இல்லை. வாவிக்குக் கிழக்கே கடல்பக்கமான எழுவான்கரையில் உள்ள என் வீட்டுக்கும் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் உள்ள என் தமக்கையின் வீட்டுக்கும் ஒரே கடையில் ஒரே நாளில் தகரம் எடுத்தோம். அவருடைய கூரை எட்டாவது ஆண்டிலும் ஒளி மங்கிய சாம்பல் நிறத்துடன் குறையின்றி இருக்கிறது. என்னுடையது மூன்றாம் ஆண்டிலேயே ஆணிகளில் சிவந்தது. இரண்டு வீட்டிலும் பெய்தது ஒரே மாரி மழை. இதைவிடத் தெளிவான சோதனையை என் ஆய்வுகூடத்திலும் நான் செய்ததில்லை.

கல்லையும் அமில மழை கரைக்கும் எண்டு புத்தகத்தில கிடக்கே. எந்தக் கல்லை?

வீட்டிலேயே பாருங்கள். ஒரு மட்டிச் சிப்பியை அல்லது முருகைக்கல் துண்டை ஒரு கோப்பையிலும், தெருவுக்குப் போடும் கருங்கல் சல்லியை இன்னொரு கோப்பையிலும் இட்டு இரண்டின்மேலும் தேசிக்காய் பிழியுங்கள். சிப்பியின்மேல் ஊசிமுனை அளவுக் குமிழிகள் வரிசையாக எழும். சிறிது நேரத்தில் அதன் பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு பூசியதுபோல் ஆகிவிடும். கருங்கல்லில் ஒன்றும் நடக்காது. சிப்பி, முருகைக்கல், சுண்ணாம்புக்கல், சலவைக்கல் எல்லாம் கல்சியம் காபனேற்று. அமிலம் பட்டால் காபனீரொட்சைட்டை விட்டுக் கரையும். அமில மழையிலுள்ள சல்பூரிக்கமிலம் அதை ஜிப்சமாக மாற்றுகிறது. ஜிப்சம் கல்சியம் காபனேற்றைவிட மிக எளிதில் நீரில் கரைவதோடு, கல்லுக்குள்ளே உருவாகும்போது ஏறத்தாழ இரு மடங்கு இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. ஆகவே மழை படும் பக்கத்தில் சிற்பத்தின் மூக்கும் விரலும் கரைந்து மழுங்குகின்றன. மழை படாத மறைவில் ஜிப்சம் புகைக்கரியைப் பிடித்துக் கருந்தோலாகத் தடித்து, ஒரு நாள் கல்லின் முகத்தோடு சேர்ந்து உரிந்து விழுகிறது. ஐரோப்பிய நகரங்களின் பழைய தேவாலயங்களில் இந்த இரண்டையும் அருகருகே காணலாம்.

தாஜ் மகால் இதற்கு எல்லோரும் சொல்லும் எடுத்துக்காட்டு. அது சலவைக்கல், அருகே ஆலைகளும் மதுரா எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையமும் இருந்தன. சுற்றுவட்டார ஆலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை வாயுவுக்கு மாற வேண்டும் அல்லது இடம்பெயர வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1996இல் ஆணையிட்டது. ஆனால் அதன் மஞ்சள் நிறத்துக்கு அமிலத்தைவிட, மேலே படியும் தூசியும் முழுமையாக எரியாத கரிப்பொருளும் பெரிய காரணம் என்பதையும் மாணவர்கள் சேர்த்து எழுதினால் விடை முழுமையாகும்.

அப்ப எங்கட கருங்கல் கோயிலுகளுக்கு ஒரு பயமும் இல்லைதானே?

அமிலத்தால் பயமில்லை. கிழக்கு மாகாணத்தின் அடிப்பாறை, புவியியலாளர் விஜயன் தொகுதி என்று அழைக்கும் பாறைக் கூட்டத்தைச் சேர்ந்த நைஸ் (வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறிய கடினமான கல்) வகைப் பாறை. குடும்பிமலை போன்ற குன்றுகள் அதனால் ஆனவையே. அதிலுள்ள படிகக்கல்லை மழையமிலம் தொடாது. பெல்ஸ்பார் என்ற கனிமம் மட்டும் மழைநீராலும் வெப்பத்தாலும் மிக மெதுவாகக் களிமண்ணாக மாறும். புவியியல் பாடத்தில் வானிலையாலழிதல் என்று படிப்பதில் இதுவும் ஒன்று. அதற்கு வேண்டிய காலம் மனித ஆயுளால் அளக்கக்கூடியதன்று.

உப்பு வேறு. கல்லின் நுண்துளைகளுக்குள் புகுந்த உப்புநீர் வெயிலில் காய்ந்து பளிங்காகும்போது, உள்ளிருந்து ஆப்பு அடித்ததுபோல் மணிகளைப் பிரிக்கிறது; ஒவ்வொரு நனைதலும் காய்தலும் ஓர் அடி. மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் 8ஆம் நூற்றாண்டில் கருங்கல்லால் கட்டப்பட்டது. அதன் கடல்நோக்கிய சிற்பங்கள் எவ்வளவு மழுங்கிவிட்டன என்பதை நேரில் பார்த்தவர்கள் அறிவார்கள். அலையைத் தடுக்கக் கற்களை அடுக்கியும் உப்புக்காற்றைத் தடுக்கச் சவுக்கு நட்டும் அதைக் காத்து வருகிறார்கள். திருக்கோவில் முதலாகக் கடலை ஒட்டிக் கோயில் கொண்ட நம் ஊர்களும் அந்த மரவேலியைப் பின்பற்றலாம். கடலுக்கும் கோயிலுக்கும் இடையே நிற்கும் மரத்தை வீதி அகலிப்புக்காக வெட்டுகிறவர்கள் எதை வெட்டுகிறோம் என்று ஒரு கணம் நினைக்க வேண்டும்.

சுவரின்ர அடிப்பகுதி மட்டும் ஏன் பொரிஞ்சு பொரிஞ்சு கொட்டுது? எத்தனை தரம் பூசினாலும் நிக்குதில்லை.

நிலத்தடி நீர் கல்லிலும் சாந்திலும் திரிபோல் மேலேறி, இடுப்பளவு உயரத்தில் காய்ந்து, தான் கொண்டுவந்த உப்பை அங்கே விட்டுச்செல்கிறது. வெள்ளையாகப் பூத்து நிற்பது அந்த உப்புத்தான். மேலே கல்லுக்குச் சொன்ன அதே ஆப்பு வேலையை இது பூச்சுக்குச் செய்கிறது. 2004 சுனாமியில் கடல்நீர் குடித்த சுவர்கள் பலவற்றில் அந்த உப்பு இன்னும் வெளியேறி முடியவில்லை.

சீமெந்தால் திரும்பத் திரும்பப் பூசுவது ஈரத்தை உள்ளே அடைக்கிறது. அது இன்னும் உயரத்தில் போய் வெளிப்படும். போத்துக்கேயர் 1628இல் கட்டி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய நம் மட்டக்களப்புக் கோட்டையும், அதையொத்த பழைய கட்டடங்களும் சுண்ணாம்புச் சாந்துக் காலத்தவை. போட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமையே 1824இல்தான் பெறப்பட்டது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், உப்பைத் தானே வாங்கி உதிரும், உள்ளிருக்கும் கல்லைக் காக்கும். பழைய சுவருக்குப் பூச்சு உதிர்வது குறையன்று, அதன் கடமை. முருகைக்கல் அகழ்வது இப்போது சட்டப்படி தடை என்பதால், சுண்ணாம்பு வாங்கும்போது அது எதிலிருந்து சுட்டது என்று கேட்டு வாங்குங்கள்.

கோயில் கோபுரம் கறுத்துப்போச்சு. கடையில விக்கிற அசிட் போட்டுக் கழுவச் சொல்லுறாங்க. கழுவலாமா?

தயவுசெய்து வேண்டாம். நம் ஈரமான காலநிலையில் கோபுரத்தையும் மதிலையும் கறுக்கச் செய்வது பெரும்பாலும் பாசியும் பூஞ்சணமுமே. மேலே சொன்ன ஐரோப்பியக் கருந்தோல் அன்று. நீர் வழியும் தடத்தில் நீளக் கோடுகளாகக் கறுத்து, மாரியில் பச்சை காட்டினால் அது பாசி. போத்தலில் விற்கும் ஐதரோக்குளோரிக்கமிலம் மழையமிலத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு செறிவுடையது. சுதைச் சிற்பம் சீமெந்தாலும் சுண்ணாம்பாலும் ஆனது. ஊற்றியவுடன் நுரைப்பது அழுக்கன்று, சிற்பத்தின் முகம். அத்துடன் அந்த அமிலம், கறியுப்பிலும் உள்ள கூறான குளோரைட்டை உள்ளே விட்டுச்செல்கிறது. சிற்பத்தின் கைக்குள் இருக்கும் கம்பிக்கு அது என்ன செய்யும் என்பதை அடுத்த விடையில் எழுதியிருக்கிறேன். நல்ல நீரும் மென்மையான தும்புத் தூரிகையும் போதும், பொறுமை வேண்டும்.

கொங்கிறீற்றுக்குள்ள கிடக்கிற கம்பி எப்படிக் கறள் பிடிக்குது? காற்றே போகாதே.

கொங்கிறீற்றுக்குள் எப்போதும் நுண்துளைகளும் ஈரமும் உண்டு. கம்பியைக் காப்பது காற்றில்லாமை அன்று, காரத்தன்மை. புதிய கொங்கிறீற்றின் பீ.எச். 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் ஒன்று உருவாகி அதை உறங்க வைக்கிறது. அந்த உறக்கத்தை இரண்டு வழிகளில் கலைக்கலாம். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல உள்ளே ஊர்ந்து பீ.எச். பெறுமானத்தை 9 அளவுக்கு இறக்குவது ஒன்று. குளோரைட்டு கம்பியை எட்டுவது மற்றொன்று. காரம் குறையாமலே இது படலத்தைத் துளைத்துவிடும். கடலோரத்தில் இரண்டாவதே விரைவானது. அது உப்புக்காற்றிலிருந்தும் வரலாம், கழுவாத கடல்மணலோடும் உவர்க்கிணற்று நீரோடும் முதல் நாளிலேயே உள்ளே வந்திருக்கவும் கூடும். கறள் தான் தோன்றிய இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தைக் கேட்கும்; கொங்கிறீற்று இழுவிசையைத் தாங்காது, பிளந்துவிடும்.

இதை நான் வாசித்து மட்டும் எழுதவில்லை. சுனாமிக்குப் பின் எங்கள் வீட்டைக் கட்டித் தந்த ஒப்பந்தகாரர் யன்னலுக்கு மேலுள்ள தட்டில் கம்பியைப் பலகையோடு ஒட்டியே கிடத்திவிட்டார்; பூச்சு மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை. ஒரு மழைக்கால விடியலில் முழ நீளத் துண்டு ஒன்று கீழே விழுந்தது. எடுத்துப் பார்த்தபோது கம்பியை மூடியிருந்த கொங்கிறீற்று என் சிறுவிரல் தடிப்புக்கூட இல்லை. 10 மில்லிமீற்றர்க் கம்பி, பழைய புத்தகத்தின் ஏடுகள்போல் அடுக்கடுக்காகப் பிரிந்து, நடுவில் பென்சில் முனையளவு இரும்பே மிஞ்சியிருந்தது. அந்த யன்னலின் கீழேதான் என் மகள் படிக்கும் மேசை. கடலோரத்தில் வீடு கட்டுகிறவர்கள் கொங்கிறீற்றுப் போடும் நாளில் அங்கே நின்று, கம்பிக்கும் பலகைக்கும் இடையே சீமெந்துக் கட்டைகள் வைத்து 40 முதல் 50 மில்லிமீற்றர் இடைவெளி விட்டிருக்கிறார்களா என்று தம் கண்ணால் பார்க்க வேண்டும். மேசனார் நல்லவராக இருந்தாலும் பார்க்க வேண்டும்.

குத்துவிளக்கில பச்சையாப் பிடிக்கிறதும் கறள்தானா?

இல்லை. கறள் இரும்புக்கு மட்டுமே உரியது. செம்பிலும் பித்தளையிலும் பிடிப்பது களிம்பு. சைவ சித்தாந்திகள் உயிரோடு ஆணவம் கூடியிருப்பதற்குச் செம்பிற் களிம்பை உவமை சொன்னார்கள். உலோகத்தைக் கூர்ந்து பார்த்தவர்கள் சொன்ன உவமை அது. கறள் உதிர்ந்து புதிய இரும்பைத் திறந்துவிடும். களிம்போ பெரும்பாலும் இறுகிப் படிந்து அடியிலுள்ள செம்பைக் காக்கும். புளியால் விளக்கும்போது அந்தக் காப்பையும் சிறிது செம்பையும் சேர்த்தே எடுக்கிறோம் என்பதால், பழைய விக்கிரகங்களை அடிக்கடி புளி போட்டுத் துலக்க வேண்டாம்.

செம்பும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு விரைவில் அழியும். நியூயோர்க்கின் சுதந்திரச் சிலை 1886இல் செப்புத் தகட்டால் இரும்புச் சட்டகத்தின்மேல் எழுப்பப்பட்டது. நூறாண்டு நிறைவுக்குள் தகடு நன்றாகவே இருக்க, சட்டகத்தின் இரும்புப் பட்டைகள் தின்னப்பட்டுவிட்டன. 1986இல் நிறைவுற்ற திருத்தத்தில் அவற்றைக் கறையில்லா உருக்கால் மாற்றினார்கள். கோபுரக் கலசத்தை இரும்புத் தண்டில் நிறுத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

கல்லடிப் பழைய பாலம் நூறு வருசமா நிக்குது. அதை மட்டும் ஏன் கறள் தின்னேல்லை?

தின்றிருக்கிறது, ஆனால் தின்பதற்கு அங்கே நிறைய இரும்பு இருக்கிறது. 1920களில் கட்டப்பட்ட அந்தப் பாலத்தின் உறுப்புகளை மில்லிமீற்றர்களில் அளக்க வேண்டும். கூரைத் தகரம் அரை மில்லிமீற்றர்கூட இல்லை. வர்ணம் இல்லாத உருக்கு கடுமையான கடலோரத்தில் ஆண்டுக்கு 80 முதல் 200 மைக்ரோமீற்றர் வரை கரையும் என்று மேலே சொன்ன நியமம் கூறுகிறது. தகரத்துக்கு அது சில ஆண்டுச் சாவு, பாலத்துக்குச் சில பத்தாண்டுச் சோர்வு. அந்தச் சோர்வையும் காலந்தோறும் பூசிய வர்ணம் தள்ளிப்போட்டது. திறந்த சட்டகம் என்பதால் எங்கே கெட்டது என்று கண்ணால் காணலாம். 2013இல் பக்கத்தில் புதிய பாலம் திறந்தபின் பாரமும் குறைந்தது.

அஞ்ச வேண்டியது பரந்த கறளை அன்று, மூட்டுக்குள் மறைந்த கறளை. அமெரிக்காவில் ஒகையோ ஆற்றின் மேலிருந்த சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15ஆம் திகதி விழுந்து 46 பேர் இறந்தார்கள். ஓர் இணைப்புச் சட்டத்தின் துளைக்குள், வெளியே தெரியாமல், அரிப்பாலும் இழுவிசையாலும் வளர்ந்த சிறு வெடிப்பே காரணம்.

டெல்லி இரும்புத் தூண் 1600 வருசமாக் கறள் பிடிக்கேல்லை எண்டு சொல்லுறாங்களே?

அதன் இரும்பில் பொசுபரசு கூடுதலாக இருப்பதால் இறுக்கமான காப்புப் படலம் ஒன்று உருவாகியிருக்கிறது. டெல்லியின் வறண்ட காற்றும் அதற்குத் துணை நின்றது. பழங்காலக் கொல்லரின் திறமையை நான் மனமார மதிக்கிறேன். எனினும் அதே தூணைக் கல்லடிக் கடற்கரையில் நட்டால் அந்தப் பெருமையைக் காப்பது கடினம்.

ஹேர்மிஸ் கப்பல் கடலுக்கடியிலயே எண்பது வருசமாக் கிடக்கு. கரையில கிடக்கிற இரும்பு மட்டும் ஏன் கெதியா உக்குது?

மிகவும் நல்ல கேள்வி. ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி யப்பானிய விமானங்களால் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டு, 50 மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தில் கிடக்கிறது. இரும்பு கறள் பிடிக்க உப்புநீர் மட்டும் போதாது, ஒட்சிசனும் வேண்டும். நீரில் கரைந்துள்ள ஒட்சிசன் காற்றில் உள்ளதைவிட மிகக் குறைவு. முருகையும் சிப்பியும் கப்பலின்மேல் படர்ந்து அதையும் தடுக்கின்றன. கரையிலோ, மெல்லிய உப்புநீர்ப் படலமும் அளவற்ற காற்றும் ஒன்றாகக் கிடைக்கின்றன. வள்ளத்தின் இரும்பிலும் நீர்மட்டக் கோட்டுக்குச் சற்று மேலே, அலை தெறிக்கும் இடமே முதலில் போகும். மீனவர்களைக் கேட்டால் இதை என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

ஸ்டெயின்லெஸ் கேற் போட்டும் பழுப்புப் புள்ளி விழுகுதே, ஏமாத்திட்டாங்களா?

பெரும்பாலும் அது 304 என்ற தரம். கடலோரத்துக்கு மொலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 வேண்டும், விலை கூடுதல். காந்தத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். 304ஐப் போட்டுவிட்டவர்கள் மாதம் இரு முறை நல்ல நீரால் கழுவித் துடைத்தால் புள்ளிகள் பரவாது.

வெடிச்ச கொங்கிறீற்றை உடைச்சு நல்லாப் பூசினோம். பக்கத்தில புதுசா வெடிக்குது. ஏன்?

இது பொறியியலாளர்களையே தடுமாற வைக்கும் இடம். கம்பியில் ஓரிடம் கறள் பிடிக்கும்போது அது தன்னைப் பலியிட்டு அருகிலுள்ள பகுதியைக் காத்துக்கொண்டிருக்கிறது. தகரத்தில் நாகம் இரும்புக்காகக் கரைவது போன்றது இது. அந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்து புதிய சாந்தால் மூடினால் காவல் நீங்குகிறது. பக்கத்தில் முன்பே உப்பேறியிருந்த கொங்கிறீற்றுக்குள் அடுத்த அரிப்பு தொடங்குகிறது.

ஆகையால் வெடித்த இடத்தோடு நிறுத்தாமல், சுத்தியலால் தட்டி வெற்றொலி கேட்கும் எல்லை வரை மட்டுமன்றி அதற்கு அப்பாலும் உடைக்க வேண்டும். கம்பியின் பின்புறமும் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, கறளை வெள்ளை இரும்பு தெரியும்வரை எடுத்து, நல்ல நீரால் கழுவி உலர்த்தி, நாகம் செறிந்த பூச்சிட்டுப் பின்னர் மூட வேண்டும். கம்பி கால்பங்குக்கு மேல் மெலிந்திருந்தால் பக்கத்தில் புதிய கம்பி கட்டாமல் மூடக்கூடாது. தூணாகவோ விட்டமாகவோ இருந்தால் பொறியியலாளர் ஒருவர் பார்க்காமல் உடைக்கவே தொடங்கக்கூடாது.

பாடசாலைச் செயற்றிட்டத்துக்கு இதை நாங்களே அளந்து பார்க்கலாமா, சேர்?

அளக்கலாம். ஒரே அளவான இரும்புத் தகட்டுத் துண்டுகளை நிறுத்து எண்ணிட்டு, கடற்கரை, கல்லடி வீதி, புளியந்தீவு, படுவான்கரை ஆகிய நான்கு இடங்களில் இடத்துக்கு இரண்டாகத் தொங்கவிடுங்கள்: ஒன்று திறந்த வெளியில், மற்றது மழை படாத தாழ்வாரத்தின் கீழ். கச்சான் (தென்மேற்குக் காற்று) வீசும் மூன்று மாதங்களுக்கு ஒரு தொகுதியும் மாரிக்கு ஒரு தொகுதியும் வேண்டும். இறக்கியபின் தேசிக்காய்ச் சாற்றில் ஊறவைத்துக் கறளைத் துலக்கி, உலர்த்தி, மீண்டும் நிறுக்க வேண்டும். சாறு நல்ல இரும்பையும் சிறிது கரைக்கும் என்பதால், வெளியே வைக்காத துண்டு ஒன்றையும் அதே நேரம் ஊறவைத்து, அதன் எடையிழப்பை எல்லாவற்றிலிருந்தும் கழித்துவிடுங்கள்.

மழையின் பீ.எச். பெறுமானத்தையும் சேர்த்து அளப்பதானால் பீலியில் வழியும் நீரை எடுக்க வேண்டாம். தகரத்தின் நாகமும் கூரைத் தூசியும் அதன் அமிலத்தை முன்பே குறைத்திருக்கும். கூரைக்கும் மரக்கிளைக்கும் விலகி, கழுவி உலர்த்திய கண்ணாடிப் பாத்திரத்தை வெளியில் வைத்து, முதல் பத்து நிமிட மழையையும் அதற்குப் பின் வருவதையும் தனித்தனியே பிடித்து, பிடித்த உடனேயே அளந்து, காற்று எத்திசையிலிருந்து வீசியது என்பதையும் பக்கத்தில் எழுதிவையுங்கள்.